இழுக்கிற மருந்து

மார்கழி பிறந்தால் எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். வேலூர் என்றாலே வெயில் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மூச்சுக் கோளாறு உள்ளவர்களைக் கேட்டால் மார்கழியும் தையும்தான் கண்டம் என்பார்கள். விடிகாலையில் மலைகளுக்கு நடுவே பனி இறங்கி நிற்கும், அதோடு போகிப் புகையும் சேர்ந்துகொள்ளும். போன மார்கழியில் அப்படி ஒரு ஆயா வந்தார். குடியாத்தம் பக்கத்துக் கிராமம். பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைக்கு நடந்து வந்ததிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பையிலிருந்து ஒரு கேப்ஸ்யூல் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னாம்மா இந்த மாத்திர, மூணு வாரமா முழுங்கறேன். இளைப்பு கொஞ்சங்கூட கேக்கல."

டப்பாவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது ரோட்டாகேப். முழுங்குகிற மாத்திரையே கிடையாது. உள்ளே இருப்பது மாவு மாதிரியான பொடி. கேப்ஸ்யூலை ஒரு சின்னக் கருவியில் போட்டுத் திருப்பினால் அது இரண்டாகப் பிரியும், பொடியை வாயால் இழுத்து நெஞ்சுக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கருவியும் அவர் பையில் இருந்தது, பிரிக்காத கவரோடு. எதற்கு என்று தெரியாமல் பேரனுக்கு விளையாடக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம்.

ஆயா மேல் தப்பே இல்லை. கேப்ஸ்யூல் மாதிரி இருப்பதை யார் கையில் கொடுத்தாலும் முழுங்கத்தான் செய்வார்கள். எழுதிக் கொடுத்த இடத்திலும் சரி, விற்ற இடத்திலும் சரி, ஒருவர்கூட இரண்டு நிமிடம் நின்று காட்டிக் கொடுக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இழுப்பு, வீசிங் என்று ஒருவர் இருந்தால் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகிறது. இப்படி ஏறக்குறைய 23 தடவை பிரிந்து பிரிந்து, தலைகீழாகப் பிடித்த வேப்பமரம் போல நுரையீரல் முழுக்கப் பரவுகிறது. இலைகள் இருக்கவேண்டிய நுனியில் மிகச்சிறிய காற்றுப்பைகள், கோடிக்கணக்கில். அங்கேதான் மூச்சுக்காற்றிலிருந்து ஆக்சிஜன் இரத்தத்துக்குள் ஏறுகிறது. கிளைகள் அடைத்தால் நுனிக்குக் காற்று போகாது. மூச்சு வாங்குகிறது என்று நாம் சொல்லும் நோய்களில் பெரும்பாலானவை இந்தக் கிளைகளில் வரும் வம்புதான்.

ஆஸ்துமாக்காரருக்குச் சிறு குழாய்களின் உட்சுவர், நன்றாக இருக்கிற நாளிலும்கூட, லேசாக வீங்கிப் புண்பட்டாற்போல இருக்கும். அதன்மேல் தூசியோ பனியோ ஊதுவத்திப் புகையோ படும்போது, குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. உள்ளே சளியும் கட்டுகிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று வரும்போது கேட்பதுதான் அந்தக் 'கொய்ங்' சத்தம். மருந்து போட்டால் குழாய் விரிந்துவிடும், பல நேரம் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

சிஓபிடி என்று டாக்டர்கள் சொல்லும் நோய் வேறு. வருடக்கணக்காகப் புகை பட்டுப் பட்டுக் குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகின்றன, காற்றுப்பைகளும் சிதைந்துவிடுகின்றன. பீடியும் சிகரெட்டும் முதல் காரணம். ஆனால் பீடியை வாயிலேயே வைக்காத பெண்களுக்கும் இது வருகிறது. என் அம்மாவுக்கு வந்தது. முப்பது வருடம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். பகலெல்லாம் புகையிலைத் தூசி, சாயங்காலம் ஜன்னல் இல்லாத சமையலறையில் விறகடுப்பு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இப்படி வாழ்ந்த அம்மாக்கள் எத்தனையோ பேர். கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கு வாசலில் விறகு எரிகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் புகையும் அடுப்படிப் புகையும் நெஞ்சுக்கு ஒன்றுதான்.

எது எந்த நோய் என்பதை ஊதிப் பார்க்கும் டெஸ்ட் சொல்லிவிடும். மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் முடிந்த வேகத்தில் ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று மெஷின் அளக்கும். பிறகு ஒரு மருந்தை இழுக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் கை காட்டும். மருந்துக்குப் பிறகும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சிஓபிடியைச் சந்தேகிப்பார்கள். வேலூரில் இருக்கும் நமக்கு இந்த டெஸ்ட் எட்டாத தூரத்தில் இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு, அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். நாம் டவுன் பஸ்ஸில் போகலாம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் இளைப்பு என்று பத்து வருடமாக மருந்து வாங்குகிறவரை "ஊதிப் பாத்தீங்களா?" என்று கேட்டால், பலருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரிவதில்லை.

மாத்திரை இருக்க ஏன் இழுக்க வேண்டும்

முழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரல் தாண்டி, இரத்தத்தில் கலந்து, கை கால் இதயம் என்று உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. ஒரு பாத்தி கத்தரிக்குத் தண்ணீர் காட்ட ஏரி மதகைத் திறந்துவிட்ட கதை. குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராமில் வருகிறது. அதே மருந்து பம்ப்பில், அதாவது அழுத்தி இழுக்கும் இன்ஹேலரில், ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இரண்டு அழுத்து அழுத்தினால் 200. ஒரு மாத்திரையில் இருப்பது இதைப்போல் இருபது மடங்கு. மாத்திரை போட்டதும் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இந்த உபரி மருந்தால்தான். இழுத்தது ஐந்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். மாத்திரைக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

ஒரே நிபந்தனை, மருந்து போய்ச் சேர வேண்டும். துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால்தான் அது சிறு குழாய்கள்வரை இறங்கும். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய துகள் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு நுண்ணிய தூளை ஒரு கையடக்க டப்பாவுக்குள் அடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வெளியே வரும்படி செய்திருக்கிறார்களே, அதுதான் இன்ஹேலரின் சாமர்த்தியம்.

இழுத்து வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. இளைப்புக்கு ஊமத்தையைக் காயவைத்துப் புகை பிடிக்கிற பழக்கம் இந்தப் பக்கம் பழையது. 1802 வாக்கில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஆண்டர்சன் என்பவர் இதை ஒரு ஆங்கிலேயத் தளபதிக்குச் சொல்ல, ஊமத்தை அங்கிருந்து பிரிட்டனுக்குப் போனது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே ஆஸ்துமா சுருட்டுகள் விற்றன. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருள்தான் குழாயை விரித்தது. அதே வம்சத்தில் வந்தவைதான் இன்று சிஓபிடிக்குக் கொடுக்கும் இப்ராட்ரோபியமும் டயோட்ரோபியமும். இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைத் தேடிப் போகாதீர்கள். அது விஷம். எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க முடியாத புகையில் அதை இழுப்பது உயிரோடு விளையாடுவது.

இன்று நம் கையில் இருக்கிற பம்ப்புக்கு வழி காட்டியவள் ஒரு சிறுமி. 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள் கேட்டாளாம்: தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக்கூடாதா? அதுவரை கண்ணாடிக் குடுவையையும் ரப்பர் பந்தையும் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமே, 1956இல், அளவு தப்பாமல் அடிக்கும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969இல் சால்பியூட்டமால் வந்தது. 1972இல், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் இன்ஹேலரில் வந்தது. இந்தக் கடைசி வருடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

கடையில் நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் மறுபடி சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான்.

இன்ஹேலரில் இரண்டு வகை மருந்து உண்டு. ஒன்று குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்துவது. சால்பியூட்டமால் அந்த வகை. இழுத்ததும் 'அப்பாடா' என்று இருக்கும், நாலைந்து மணி நேரம் தாங்கும். இன்னொன்று குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு. பியூடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன் என்று பெயர்கள் இருக்கும். இதை இழுத்ததும் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. தினமும் விடாமல் எடுத்தால், சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் இழுப்பு வருவதே குறைந்துபோகும்.

உடனே தெரிகிற மருந்தின்மேல்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை. தெரியாத மருந்தை "சும்மாதான இருக்கேன், எதுக்கு இஸ்துக்கினு" என்று நிறுத்திவிடுகிறார்கள். கூரை ஒழுகும் வீட்டில் தினமும் தரையைத் துடைத்துவிட்டு ஓட்டை மாற்றாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும், மேலே தசை மட்டும் அவ்வப்போது தளரும். ஒருநாள் எத்தனை முறை அடித்தாலும் தளராமல் போகும். 2019 உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.4 கோடி பேர். உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் எட்டில் ஒருவர் நம் நாட்டவர். ஆனால் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் நம்மவர்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில், எடுக்காமல் விட்ட வீக்க மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜீனா அமைப்பு 2019இல் தன் பழைய அறிவுரையையே மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், வீக்க மருந்து கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. வருடத்துக்கு மூன்று சால்பியூட்டமால் பம்ப்போ அதற்கு மேலோ ஒருவருக்குத் தேவைப்பட்டால் அவருக்குக் கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து. அதனால் என் கடையில் ஒருவர் இருபதே நாளில் மறுபடி அதே பம்ப்பைக் கேட்டு வந்தால், எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடிவதில்லை. 'வேற பம்ப் ஏதாவது குடுத்திருக்காங்களா, அத்த எடுக்கறீங்களா?' என்று கேட்பேன். பாதிப் பேர் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இரண்டையும் ஒன்றாக்கிய மருந்தும் இப்போது உண்டு. பியூடெசொனைடோடு ஃபார்மோட்டெரால் சேர்ந்தது. ஃபார்மோட்டெரால் சால்பியூட்டமால் போலவே சீக்கிரம் வேலை செய்யும், அதோடு 12 மணி நேரம் தாங்கும். தினமும் எடுப்பதற்கும் இழுப்பு வந்தால் எடுப்பதற்கும் ஒரே பம்ப். மூச்சுத் திணறுகிற ஒவ்வொரு முறையும் வீக்க மருந்தும் தானாக உள்ளே போய்விடுகிறது. மனிதர்களின் மறதியையும் சலிப்பையும் கணக்கில் வைத்துச் செய்த ஏற்பாடு இது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். எத்தனை தடவை வரை எடுக்கலாம் என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்ப்பின் நிறத்தை வைத்து மருந்தைத் தீர்மானிக்காதீர்கள். நீலம் என்றால் உடனடி மருந்து என்பது பல நாடுகளில் வழக்கம். நம் கடைகளில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலே எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள்.

சரியாக இழுப்பது எப்படி

அழுத்தி இழுக்கும் பம்ப்பையும் பொடி இழுக்கும் கருவியையும் இழுக்கிற விதம் நேர் எதிர். பம்ப் என்றால் மெதுவாக, பொடி என்றால் வேகமாக. இதை மாற்றிச் செய்கிறவர்களே அதிகம்.

பம்ப்பை எடுத்து மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்குங்கள். முதுகை நிமிர்த்தி, நெஞ்சில் இருக்கும் காற்றை வெளியே விடுங்கள். உதட்டால் இறுக்கிப் பிடித்து, இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். இழுப்பதை நிறுத்தாமல் மெதுவாக, சூடான ரசத்தை உறிஞ்சுவதுபோல, நாலைந்து நொடி இழுங்கள். பிறகு வாயை மூடிப் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். இரண்டாவது அழுத்து வேண்டுமென்றால் அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கி. வாயோரத்திலோ மூக்கிலோ வெள்ளையாகப் புகை வெளியே வந்தால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். நான் கடைக்காரி, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்தப் புகையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மருந்து அப்படிக் காற்றில் போகிறது.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் சேர்வது எல்லாருக்கும் வராது. குழந்தைக்கு வரவே வராது. அதற்குத்தான் ஸ்பேசர். பெரிய பிளாஸ்டிக் குடுவை அது. மருந்தை அதற்குள் அடித்துவிட்டு நிதானமாக இழுக்கலாம். பெரிய துகள்கள் குடுவைச் சுவரிலேயே தங்கிவிடுவதால் தொண்டைக்கும் நல்லது. என்னைக் கேட்டால் பம்ப் வாங்குகிற ஒவ்வொருவரும் ஸ்பேசரோடுதான் வாங்க வேண்டும். வாங்க வசதியில்லாத இடங்களில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு, அதையே ஸ்பேசராக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்து 1999இல் வெளியான அந்த ஆய்வில், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சளைக்கவில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே கவிழ்த்துக் காயவிடுங்கள். துடைத்தால் உள்சுவரில் மின்னூட்டம் ஏறி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொடிக் கருவிக்கு இந்த நிதானம் உதவாது. அங்கே வாயு எதுவும் இல்லை, உங்கள் இழுப்பின் வேகம்தான் பொடியை உடைத்து உள்ளே கொண்டுபோகிறது. வெளியே திரும்பி மூச்சை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் பலமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக்கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும்.

ஸ்டீராய்டு சேர்ந்த மருந்து எதுவாக இருந்தாலும், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், குரலும் கம்மும்.

பயங்கள்

"இத்த இஸ்தா பழகிடுமாமே?" பழகாது. இது போதை வஸ்து இல்லை. சர்க்கரைக்காரர் தினமும் மாத்திரை போடுவது எப்படியோ அப்படித்தான் இது. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது.

"ஸ்டீராய்டுன்னா ஒடம்பு ஊதிடுமே?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பலர், இழுப்பு வரும்போதெல்லாம் போய் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டுதான் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. டெக்ஸாமெத்தசோன் ஊசி ஒரு தடவைக்கு 8 மில்லிகிராம்வரை போகும், அதுவும் உடம்பெல்லாம். பியூடெசொனைடு ஒரு இழுப்பு 200 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் வெவ்வேறு மருந்து, எடைக்கு எடை ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் எது சிறியது என்பது தெரியும். என் அம்மா ஒன்பது வருடம் அந்த ஊசியில்தான் ஓட்டினார். இரண்டு நாள் தெம்பாக இருப்பார், மூன்றாம் நாள் மறுபடி உட்கார்ந்துகொண்டே தூங்குவார். எலும்பு தேய்ந்துபோனதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தோம். மருந்துக்கடை வேலை தெரிந்த நானே அந்த வருடங்களில் பம்ப்பைக் கடைசி வைத்தியம் என்று நினைத்திருந்தேன். அந்த வருத்தம் எனக்குப் போகாது.

மூன்றாவது பயத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு இருக்கும் பெண் பம்ப் எடுப்பது வெளியே தெரியக்கூடாது என்று, வீக்க மருந்தை நிறுத்திவிட்டு மாத்திரை கேட்பார்கள். பெண் பார்க்க வருகிற நாளில் இழுப்பு வராமல் இருக்க வேண்டுமென்றால் அந்தப் பம்ப்தான் வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சில அம்மாக்கள் கேட்டுக்கொண்டார்கள்.

நெபுலைசர் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் போட்டுப் புகை வைக்கிறார்களே, அதில் ஊற்றுவதும் பெரும்பாலும் இதே மருந்துதான். ரொம்பக் கடுமையில்லாத இழுப்புக்கு, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முதல் 10 அழுத்து சால்பியூட்டமால் கொடுத்தால் நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்யும். ஆனால் ஒருவரால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மருந்து அடித்தும் கேட்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

இன்ஹேலரால் ஆகாதவையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. காசநோய்க்குப் பம்ப் மருந்தாகாது, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைதான் வேண்டும். கல் உடைக்கிற, கிரஷரில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலில் படிந்த கல்தூசியை எந்த மருந்தும் திரும்ப எடுக்காது. சிஓபிடியில் பம்ப் மூச்சுத் திணறலைக் குறைக்கும், திடீர்த் திடீரென்று முற்றுவதைக் குறைக்கும். அழிந்த காற்றுப்பையை அது மீட்டுத் தராது. பீடியை விட்டால்தான் மிச்சமிருப்பது தங்கும்.

இனி வரப்போவது

பம்ப்பிலிருந்து மருந்தைத் தள்ள ஒரு வாயு வேண்டும். முதலில் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோன் படலத்தை அரித்தது, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக அதைக் கைவிட்டார்கள். இப்போது பெரும்பாலான பம்ப்புகளில் இருக்கும் ஹெச்எஃப்ஏ வாயு ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் எடைக்கு எடை பார்த்தால், பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் அடுத்த மாற்றம் தொடங்கிவிட்டது. சூடேற்றும் தன்மை மிகக் குறைந்த புது வாயுவில் இயங்கும் மூன்று மருந்து சேர்ந்த சிஓபிடி பம்ப் ஒன்றுக்கு, 2025இல் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. இதற்காக யாரும் தங்கள் பம்ப்பை நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. இங்கே ஒரு சந்தோஷமான விஷயம், நம் ஊர் ரோட்டாகேப்பில் வாயுவே கிடையாது. விலையும் குறைவு.

மருந்துகளும் புதிதாக வருகின்றன. சால்பியூட்டமாலையும் பியூடெசொனைடையும் ஒரே பம்ப்பில் சேர்த்ததற்கு அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தது. தசையைத் தளர்த்துவதையும் வீக்கத்தை ஆற்றுவதையும் ஒரே மூலக்கூறு செய்யும் என்சிஃபென்ட்ரின், சிஓபிடிக்கு 2024இல் அங்கே வந்தது, நெபுலைசர் வழியாக. எத்தனை தடவை, எவ்வளவு வேகத்தில் இழுத்தோம் என்று எண்ணி போனுக்கு அனுப்பும் இன்ஹேலருக்கு 2018இலேயே அனுமதி கிடைத்திருக்கிறது. சரியாக இழுத்தோமா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அது உதவும். பிடிவாதமான சில நுரையீரல் தொற்றுகளுக்கு அமிக்காசின் ஆன்டிபயாட்டிக்கை இழுக்கக் கொடுக்கிறார்கள். 2022இல் சீனா, இழுத்துப் போட்டுக்கொள்ளும் கொரோனா தடுப்பு மருந்தை அனுமதித்தது. நுரையீரலை வாசலாக மட்டும் பயன்படுத்தும் மருந்தும் வந்துவிட்டது. இழுக்கும் இன்சுலினுக்கு 2024 டிசம்பரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆஸ்துமாவோ சிஓபிடியோ உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது, குழாய் திடீரென்று சுருங்கிவிடும்.

இவை எல்லாம் நல்லவையே. ஆனால் எங்கள் மாவட்டத்தில் எதிர்காலம் என்று நான் ஆசைப்படுவது இன்னும் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வீக்க மருந்துள்ள பம்ப்பும் ஒரு ஸ்பேசரும், அதோடு இழுக்கக் கற்றுத்தர ஒரு நர்ஸும். கற்றுத் தந்தால் போதாது, அடுத்த மாதம் "இழுத்துக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். சரியாகக் கற்றவரும் இரண்டு மாதத்தில் பழைய தப்புக்குத் திரும்பிவிடுவார், அதைக் கடையிலேயே பார்க்கிறேன்.

குடியாத்தம் ஆயாவுக்கு அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. முதல் இரண்டு தடவை கருவிக்குள் ஊதிவிட்டார். மூன்றாவது தடவை இழுத்தபோது கேப்ஸ்யூல் உள்ளே கடகடவென்று சுற்றியது, திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அந்தச் சத்தம்தான் ஆயா வேணும்," என்றேன்.

மாசியில் மறுபடி வந்தார். இழுத்துக் காட்டச் சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பி மூச்சை விட்டு, கருவியை வாயில் வைத்து ஒரே இழுப்பு. சத்தம் சுத்தமாகக் கேட்டது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.

"எங்க ஊர்ல இன்னும் நாலு பேரு முழுங்கிக்கினுதாம்மா கீறாங்க," என்றார்.

அடுத்த தடவை அவர்களையும் கருவியோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.